தாழ்வான பகுதி யார் வீடு?

கேள்வி இது: "என் அப்பா கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோர கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், தினமும் பேப்பர் படிப்பவர். 2024 டிசம்பர் வெள்ளத்தின்போது டிவியில் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருந்தது, நாங்களும் போனில் கெஞ்சினோம். முற்றத்தில் தண்ணீர் வந்த பிறகுதான் கிளம்பினார். ஆபத்து புரியவில்லையா, புரிந்தும் அலட்சியமா? ரெட் அலர்ட் அடிக்கடி பொய்த்துப்போவதால் நம்பிக்கை விட்டுப்போச்சா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா விதிவிலக்கு இல்லை. கடலோர ஊர்களில் பேரிடர் பயிற்சி முகாம் நடத்தும் வேலையில் சில வருடம் இருந்தவன் நான். முகாம் தொடங்கியதும் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த ஊரில் தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் கை தூக்குங்க." ஒரு கை எழாது. சிலர் பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சரி, "மழை வெள்ளத்தில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கு?" என்று மாற்றிக் கேட்டால் பாதிக் கூட்டம் கை தூக்கும். ஒரு தடவை முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "எங்க வீட்டுக்குத் தண்ணி வரும் தம்பி. ஆனா எங்க வீடு தாழ்வு இல்ல. ரோட்டத்தான் ஒசத்திப்புட்டானுவ."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடு இப்போது படியிறங்கிப் போகும் வீடாகிவிட்டது. கட்டும்போது மேடு, இன்றைக்குப் பள்ளம். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அறிவிப்பு வரும்போது, அந்த அம்மா அது வேறு யாருக்கோ என்றுதான் எடுத்துக்கொள்வார். எது தாழ்வு, எது பாதுகாப்பான இடம், எத்தனை மணிக்குள், எந்த வழியாக என்று அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. அனுப்பியவரைப் பொறுத்தவரை எச்சரிக்கை போய்விட்டது. கேட்டவருக்கோ தனக்கு வரவேண்டிய தபால் இன்னும் வரவில்லை.

உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. புரியாமை, அலட்சியம் என்று இரண்டு பெட்டி வைத்து மக்களைப் பிரிப்பதற்கு முன், அவர்கள் காதில் என்ன விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. போதுமான எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று எதிர்க்கட்சிகள் கூறின. படிப்படியாக எச்சரித்துத்தான் திறந்தோம் என்று அரசு சொன்னது. அந்தச் சண்டையை விடுங்கள். உங்கள் அப்பா அந்த எண்ணை டிவியில் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். 1.68 லட்சம் கன அடி என்றால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? பெரிய எண் என்று தோன்றியிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் தோன்ற வழியில்லை.

நான் இதைத் தண்ணி லாரிக் கணக்கில் சொல்வேன். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். தெருவுக்கு வரும் பெரிய தண்ணி லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். 1.68 லட்சம் கன அடி என்றால், ஒவ்வொரு விநாடிக்கும் கிட்டத்தட்ட 400 லாரித் தண்ணீர். கண்ணை மூடித் திறப்பதற்குள் 400 லாரி, அடுத்த விநாடி இன்னொரு 400. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி திறந்ததையும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: விநாடிக்கு 68 லாரி, அதுவும் ஏற்கெனவே மழைநீர் நிரம்பி ஓடிய ஆற்றில். அடையாற்றங்கரையில் இருக்கும் சைதாப்பேட்டைக்காரருக்கு 29,000 என்ற எண் செய்தி. 68 லாரி என்றால் அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பார்.

மழைக்கும் இதே கதைதான். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் விழுகிறது, ஏறக்குறைய இரண்டு லாரி. அது எங்கே போகும் என்ற கேள்வி உடனே வரும். 10 சென்டிமீட்டர் என்று மட்டும் சொன்னால் ஸ்கேலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

அடுத்தது, நாம் ஆபத்தை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பது. வங்கக் கடலில் ஒன்று உருவானால் அதன் தரம் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், அப்போதுதான் பெயர். பெயர் வைத்தால்தான் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "வெறும் தாழ்வு மண்டலந்தான்" என்ற பேச்சை நான் எத்தனை டீக்கடையில் கேட்டிருப்பேன்! ஆனால் சமீப காலத்தில் நம்மைப் புரட்டிப் போட்டவற்றைக் கொஞ்சம் பாருங்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததே, அதற்குப் பெயர் கிடையாது. புயலே இல்லை அது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதுவும் புயல் இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் நின்றுபோனது, மீட்டுக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. எல்லாம் பெயரில்லாத மழையால்.

2024இல் ஃபெஞ்சல் வேறு மாதிரி ஏமாற்றியது. நாள்கணக்கில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே இழுத்துக்கொண்டு வந்தது. "புயலாகுமா ஆகாதா" என்று ஊரே கேலி பேசியது. நவம்பர் 29இல் பெயர் பெற்று, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. "புயல் கரையைக் கடந்தது" என்ற செய்தியைக் கேட்டதும் நம் மனசு என்ன செய்யும்? ஆபத்து தீர்ந்தது என்று பாயை விரித்துப் படுக்கும். ஃபெஞ்சலோ கடந்த பிறகு நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்று, புதுச்சேரியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டிவிட்டு, உள்மாவட்டங்களுக்குப் போய் அங்கேயும் கொட்டியது. அந்தத் தண்ணீர்தான் சாத்தனூர் வழியாக உங்கள் அப்பா வீட்டு முற்றத்துக்கு வந்தது. கடலிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, புயல் போய் ஒன்றிரண்டு நாள் கழித்து, மலைப் பக்கத்திலிருந்து வந்தது ஆபத்து. அவரைத் திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

வகைப்பாட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதி கனமழை. அதற்கு மேலே வேறு தட்டு கிடையாது. 21 செ.மீ. மழையும் அதி கனமழை, காயல்பட்டினத்து 95 செ.மீ.யும் அதி கனமழை. அந்த 95 செ.மீ. ஒரு கிரவுண்டு மனையில் 17 லாரிக்கு மேல். "அதி கனமழை பெய்யக்கூடும்" என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை, "எங்களுக்கு இவ்வளவு வரும் என்று யாரும் சொல்லலையே" என்ற மக்களும் பொய் சொல்லவில்லை. எச்சரிக்கை போதுமா போதாதா என்று அப்போது மத்திய அரசும் மாநில அரசும் மோதிக்கொண்டதற்கு அடியில் இந்த ஓட்டையும் இருந்தது.

இதைவிடப் பெரிய வேடிக்கை துறைமுகக் கூண்டு. "சென்னைத் துறைமுகத்தில் 5ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று படிக்கிறோம். 5, 6, 7 என்று ஏற ஏற ஆபத்து கூடும் என்றுதானே நினைக்கிறோம்? 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தை ஒட்டியே கடக்குமா என்பதில் மட்டும்தான் வேறுபாடு. 8, 9, 10ம் அப்படியே, இன்னும் கடுமையான புயலுக்கு. 11 என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இது கப்பல் மாலுமிகளுக்கான மொழி, அவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே நன்றாகப் புரியும். அதைக் கொண்டுவந்து நியூஸ் சேனலில் ஓடவிட்டு, "மக்களை எச்சரித்தாயிற்று" என்று கை கழுவுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

இனி ரெட் அலர்ட். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார்கள் வரிசைகட்டி நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பயந்த மாதிரி பேய் மழை வரவில்லை. மறுநாள் மீம்கள் மழையாகப் பொழிந்தன. எனக்கு அந்தப் படம் வேறு விதமாகப் பட்டது. வேளச்சேரிக்காரர்களுக்கு யாரும் "காரைப் பாலத்தில் ஏற்றுங்கள்" என்று சொல்லவில்லை. 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பாடம் அது. எங்கே தண்ணீர் வரும், எங்கே வராது, எத்தனை மணிக்குள் போனால் இடம் கிடைக்கும் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு சொன்ன பொதுவான சிவப்பைத் தங்கள் தெருவுக்கான வேலையாக அவர்களே மாற்றிக்கொண்டார்கள். (அப்படிக் காரைப் பத்திரமாக ஏற்றிவிட்டு, பின்னாலேயே வந்த மச்சானின் பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் வீடு திரும்பியவரை எனக்குத் தெரியும். 2022இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர். எந்த அலர்ட்டும் கிடையாது அதற்கு.)

அந்த மச்சான் பைக் விஷயம் ஒன்றும் முட்டாள்தனம் இல்லை, மனித மனசின் பொதுக் கணக்கு. பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள் 1970களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள். நாமே விரும்பி ஏற்பது, தினமும் பழகியது, நம் கையில் பிடி இருப்பதுபோலத் தோன்றுவது எல்லாம் சின்ன ஆபத்தாகத் தெரியும். வெளியிலிருந்து திணிக்கப்படுவது, கண்ணுக்குத் தெரியாதது, ஒரே அடியில் பலரைக் கொல்வது எல்லாம் பூதாகரமாகத் தெரியும். அணு உலை என்றால் நெஞ்சு படபடக்கும், ஆறு என்றால் படபடக்காது. உங்கள் அப்பாவுக்குப் பெண்ணையாறு சின்ன வயசிலிருந்து தெரிந்த ஆறு. அதில் குளித்திருப்பார், மணலில் விளையாடியிருப்பார், வெள்ளம் வந்தபோது கரையில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார். "அன்னிக்கு வந்த வெள்ளத்திலேயே இந்தப் படி ஏறல" என்று ஒரு வரி அவரிடம் நிச்சயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அனுபவம் என்பது நல்ல வாத்தியார்தான். ஆனால் அது நடத்திய பாடத்திலிருந்து மட்டும்தான் கேள்வி வரும் என்று நம்ப வைத்துவிடும்.

எச்சரிக்கை பொய்த்தால் நம்பிக்கை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகும். ஆனால் நான் பார்த்த வரையில், பொய்த்தது மட்டும் அதற்குக் காரணமாக இருப்பதில்லை. பொய்த்த மறுநாள் யாரும் வந்து ஏன் என்று சொல்லாததுதான் மக்களை அதிகம் வெறுப்பேற்றும். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் புயல் தடத்தில் சராசரியாக 70, 80 கி.மீ. தள்ளிப்போவது இன்றைய அறிவியலுக்கே இயல்பு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருப்பது சுமார் 150 கி.மீ.தான். ஒரு ஊர் தப்பியது என்றால் அடுத்த ஊர் மாட்டியது என்று அர்த்தம். இதை எந்த விவசாயியும் புரிந்துகொள்வார், வானத்தைப் பார்த்து விதைப்பவருக்கு நிகழ்தகவு ஒன்றும் புதுசு இல்லை.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்குள் 8.6 அளவில் நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்தது. கடலோரமே காலியானது. 2004ஐப் பார்த்த ஜனங்கள், செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்கள். சொல்லும்படியாக அலை வரவில்லை. சில நாள் கழித்து ஒரு மீனவ ஊருக்குப் போனபோது "சும்மா ஓட விட்டுட்டானுங்க" என்று ஒரே கோபம். என்கூட வந்தவர் ஒருவர் சமையல் செய்கிற இடத்தில் இருந்த அண்டாவை வாங்கி, தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு தட்டைப் போட்டார். தட்டை மேலும் கீழும் தூக்கினார், தண்ணீர் குபுக்கென்று தளும்பி வெளியே வந்தது. அதே தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினார், மேற்பரப்பு லேசாக நெளிந்ததோடு சரி. "2004இல் கடலடி நிலம் மேலே எழும்பியது. இந்தத் தடவை பக்கவாட்டில் வழுக்கியது. நடுக்கம் வந்த சில நிமிஷத்தில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால்தான் ஓடச் சொன்னார்கள்." அவ்வளவுதான் விளக்கம். ஒரு பெரியவர் அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தட்டைத் தானே இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த தடவயும் ஓடத்தான் வேணும்" என்றார்.

பத்து நிமிஷம், ஒரு அண்டா. இதற்கு எந்த அலுவலகத்திலும் தனிப் பட்ஜெட் தேவையில்லை. ஆனால் தவறிய கணிப்பை விளக்க ஆள் அனுப்பும் வழக்கமே நம்மிடம் கிடையாது. முகநூலில் எழுதும் வானிலை ஆர்வலர்கள் பின்னால் லட்சக்கணக்கானோர் போவதற்கு இதுவும் காரணம் என்பேன். "நேற்று நான் சொன்னது தப்பாகிவிட்டது, மேகம் வடக்கே போய்விட்டது" என்று அவர்களால் சாதாரணத் தமிழில் எழுத முடிகிறது. சென்னை வானிலை மையத்தில் எஸ்.ஆர். ரமணன் இருந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் ஓய்வு பெறும் வரை, வருஷக்கணக்கில் டிவியில் அதே முகம், அதே நிதானம். லீவு விடுவாரா என்று பிள்ளைகள் அவரை வைத்து ஜோக் அடித்தார்கள். அடிக்கட்டும், ஜோக் அடிக்கும் அளவுக்கு ஒருவர் வீட்டு மனிதராகிவிட்டார் என்றால் அவர் குரலுக்கு ஒரு எடை வந்துவிடும்.

குரலின் எடைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் நல்லவாடு. புதுச்சேரிப் பகுதி மீனவ ஊர். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. அன்றாடம் அலை உயரம், காற்று நிலவரம் எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். விஷயம் ஊருக்குள் பரவியது, மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊர், ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்த நேரத்தில் இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்றே இல்லை. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007இல். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். நல்லவாட்டைக் காப்பாற்றியது போன் மட்டும் இல்லை. தினமும் காலையில் உண்மை சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அது. அதில் ஊர்க்காரர் குரல் "ஓடுங்க" என்றபோது யாரும் எதற்கு என்று நின்று கேட்கவில்லை. 2023இல் எல்லார் செல்போனிலும் திடீரென்று அலறல் சத்தத்தோடு சோதனை எச்சரிக்கை வந்ததே, எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்தோம்? போனை வைரஸ் பிடித்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்கள்தான் அதிகம்.

சொல்லவே முடியாத தூரத்தில் இருப்பவர்களும் உண்டு. 2017 ஒக்கி புயல். நவம்பர் 29ஆம் தேதி ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 30ஆம் தேதி காலை குமரிக் கடலில் புயல். ஒரு நாள் அவகாசம்கூட இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மேற்குக் கரை ஊர்களில் தங்கல் மீன்பிடி வழக்கம். விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில்தான். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தது. செல்போன் சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தோடு முடிந்துவிடும். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு, 2019இல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் ஜெமினி கருவி வந்தது. அதில் செய்தி வரும், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் அதற்கும் பிறகுதான். ஆபத்துச் செய்தி என்றாலே மேலேயிருந்து கீழே போவது என்ற எண்ணம் கருவி வரைக்கும் இறங்கியிருக்கிறது.

கரையில் இருக்கும் மீனவர் விஷயம் வேறு. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வரி பருவமழைக் காலத்தில் வாரா வாரம் வரும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த வரியை எழுதச் செலவு ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டு ஏதாவது ஆனால்தான் தலைவலி. மீனவருக்கு ஒவ்வொரு வரியும் ஒரு நாள் வரும்படி, ஐஸ் காசு, வட்டி. ஏற்கெனவே வருஷத்தில் 61 நாள் தடைக்காலம் வேறு. அதனால் அவர் ஒவ்வொரு எச்சரிக்கையையும் தன் கணக்கில் வடிகட்டுவார்: வாடை எப்படி அடிக்குது, நீரோட்டம் எந்தப் பக்கம், பக்கத்து ஊர்க்காரன் போறானா. நம் கண்ணுக்கு அது துணிச்சல். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு ஆபத்தைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிறார், ஒன்று கடல், இன்னொன்று கடன்.

"பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம்" என்று ஒரு வரி வருமே, அதைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பேரிடர் நேரத்தில் மக்கள் பீதியில் தறிகெட்டு ஓடுவது அபூர்வம் என்பதைச் சமூகவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. வழக்கமாக நடப்பது தாமதம். நாலு பேரைக் கேட்டு, மாடிக்குப் போய்ப் பார்த்து, அக்காவுக்குப் போன் போட்டு, அப்புறம்தான் கிளம்புவோம். இத்தாலியில் லாக்விலா என்ற ஊரில் 2009இல் மாதக்கணக்கில் சின்னச் சின்ன நடுக்கம். அந்த ஊர்க்காரர்களுக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு, நடுக்கம் வந்தால் அன்றிரவு வீட்டை விட்டு வெளியே வந்து படுப்பார்கள். மக்கள் பதற்றமாக இருக்கிறார்கள் என்று அரசுத் தரப்பில் அவர்களை அமைதிப்படுத்தப் பார்த்தார்கள். சின்ன நடுக்கம் நல்லதுதான், சக்தி வெளியேறிவிடும் என்று அதிகாரி ஒருவர் டிவியில் சொன்னார். ஏப்ரல் 6 அதிகாலை பெரிய நிலநடுக்கம், 309 பேர் இறந்தார்கள். இரவு முதல் நடுக்கம் வந்தபோது, டிவியில் சொன்னதை நம்பிப் பலர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள் என்று குடும்பத்தார் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். அந்த அதிகாரியும் விஞ்ஞானிகள் ஆறு பேருமாக ஏழு பேருக்குத் தண்டனை விதித்து, மேல்முறையீட்டில் விஞ்ஞானிகளை விடுவித்தார்கள். கோர்ட் எப்படியோ போகட்டும். பயத்தை ஆற்றுவது ஒரு வேலை, ஆபத்தைச் சொல்வது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைப்பது ஆளைக் கொல்லும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஒடிசாவில் 1999 அக்டோபர் பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதே மாநிலம், 2013 ஃபைலின் புயல், சுமார் பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள், சாவு ஐம்பதுக்குள். இடையில் 14 வருஷம் என்ன செய்தார்கள்? நடந்து போகும் தூரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், ஊருக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஆட்கள், வருஷம் தவறாமல் ஒத்திகை. வங்கதேசம் இன்னும் முந்தி. 1970 புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் பறிகொடுத்த நாடு, அடுத்த ஓரிரு வருஷத்திலேயே தன்னார்வலர் படை ஒன்றைக் கட்டியது. வெறும் எண்ணோடு நிறுத்தவில்லை, கொடி ஏற்றினார்கள். ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. கையில் மெகாபோன், உள்ளூர் ஆள். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: கால்நடைகள் ஏறி நிற்பதற்கென்றே மண்ணைக் கொட்டி மேடு கட்டினார்கள், கில்லா என்று பெயர். மாட்டை விட்டுவிட்டு மனிதன் வரமாட்டான் என்பது யாருக்கோ புரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருவோம். அடுத்த மழைக்கு முன்னால், வெயில் காலத்திலேயே ஒரு தடவை ஊருக்குப் போங்கள். எச்சரிக்கை வந்த அன்று போனில் கெஞ்சுவது ரொம்பத் தாமதம். 2024இல் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று அவரையே காட்டச் சொல்லி, அந்த இடத்தில் பெயிண்ட் அடித்துத் தேதி போடுங்கள். வாத்தியார் ஆச்சே, கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும். சாத்தனூரில் எவ்வளவு திறந்தால் அந்தக் கோடு வரை வரும் என்று நீர்வளத் துறை ஆட்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு, அந்த எண்ணைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். நிறத்தைப் பார்த்து அவர் கிளம்பமாட்டார், அந்த எண் வந்தால் கிளம்புவார். "எப்போ கிளம்புவீங்க" என்று கேட்டால் சண்டை வரும். "எது நடந்தால் கிளம்பணும்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்று கேளுங்கள்.

பத்திரம், ஆதார், மருந்து எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் வைக்கலாம். எங்கே போய்த் தங்குவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கல்யாண மண்டபத்துத் தரையில் படுக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும், முழங்கால் வலியும் இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். மேட்டுத் தெருவில் அவரிடம் படித்த மாணவர் யாராவது நிச்சயம் இருப்பார். அந்த வீட்டில் ஒரு கட்டில் போதும்.

நீங்கள் கேள்வியில் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வீட்டில் மாடு இருக்கிறதா? இருந்தால், அந்த மாட்டை எங்கே கட்டுவது, யார் ஓட்டிக்கொண்டு போவது, அங்கே வைக்கோல் இருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.